தூள், திரவம், குளிசை: குளோரீன் வந்த வழி

தம்பி தங்கைகளே, குளோரீனுக்கு அந்தப் பெயர் கிடைக்க 36 வருடம் பிடித்தது. 1774 இல் சுவீடனில் கார்ல் ஷீலே என்ற மருந்துக்கடைக்காரர் மங்கனீசுக் கனியத்தோடு அமிலத்தைச் சேர்த்தார். மூச்சை அடைக்கும் பச்சை மஞ்சள் வாயு ஒன்று கிளம்பியது. அது தனி மூலகம் என்று சொல்லி, 1810 இல் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி.

வாயுவைக் காவித் திரிவது லேசான வேலையில்லை. பிரான்ஸில் அதைக் காரக் கரைசலில் கரைத்துத் துணி வெளுத்தார்கள். 1799 இல் ஸ்கொட்லாந்தின் சார்ள்ஸ் டெனன்ற் அதை நீறிய சுண்ணாம்பில் ஏற்றித் தூளாக்கினார். அதுதான் வெளிற்றும் தூள். ஊரில் வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்குள் போடுவார்களே, அதே சாமான்.

துணிக்காரர்களின் சரக்கு உயிர் காத்த கதைதான் எனக்குப் பிடித்தது. 1847 இல் வியன்னா பொது வைத்தியசாலையில் பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். பிண அறையிலிருந்து வரும் வைத்தியர்கள் குளோரீன் கரைசலில் கை கழுவ வேண்டும் என்றார் இக்னாஸ் செமல்வைஸ். பிறகு, விலை மலிவு என்று வெளிற்றும் தூளுக்கு மாறினார். ஏப்ரலில் 100 க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூலையில் 1 ஆனது. கிருமி என்றால் என்னவென்று அவருக்கே தெரியாது!

1908 இல் அமெரிக்காவின் ஜேர்சி நகரம் குடிதண்ணீரில் சேர்த்தது. சில வருடங்களில் நீச்சல் தடாகத்துக்கும் வந்துவிட்டது.

இந்தக் கோடைக்குத் தோட்டத்தில் தடாகம் வைத்த பெரியப்பா, எதை வாங்க என்று என்னைக் கேட்டார். தூள், திரவம், குளிசை மூன்றிலும் கிருமியைக் கொல்வது ஒன்றேதான். கூட வருவதுதான் வேறு. தூளோடு கல்சியம் வரும். அல்பர்ட்ஸ்லுண்ட் தண்ணீரும் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் மாதிரிச் சுண்ணாம்பு கூடியது. கேத்தலின் அடியைப் பாருங்கள். அதற்கு மேலும் கல்சியம் எதற்கு? குளிசையோடு சயனூரிக் அமிலம் வரும். வெயில் குளோரீனை அழிக்காமல் அது காக்கும். ஆனால் தண்ணீரிலேயே தங்கிச் சேரும். கூடிவிட்டால் குளோரீனையே மந்தமாக்கும். திரவத்தோடு வருவது கொஞ்சம் உப்பு. போத்தலில் இருக்க இருக்கப் பலம் குறையும், ஆகவே கொஞ்சமாக வாங்கி, வெயில் தாழ்ந்தபின் விட வேண்டும். நான் திரவம் என்றேன்.

இந்தச் சாமான்களைப் பெரியவர்களே கையாளட்டும். தூளையும் குளிசையையும் ஒரே வாளியில் போட்டால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். அமிலம் பட்டால் ஷீலேயின் வாயு திரும்பி வரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மன் படை காற்றில் திறந்துவிட்டதும் அதே வாயுதான்.