சாவகத்து மலைக்கோயில்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன் சிவபத்தியிற் சிறந்த வேந்தன். ஆயினும், சைலேந்திர மரபில் வந்த சிரீவிசய மன்னன் நாகையில் தன் தந்தை பெயரால் எடுத்த சூளாமணி விகாரத்துக்கு, ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக ஈந்தனன் என்று ஆனைமங்கலச் செப்பேடு கூறும். சைலேந்திரர் என்பது மலையரசர் எனப் பொருள்படும். அம்மரபினர் அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு முன்னர்ச் சாவகத் தீவில் எடுத்த புத்தர் கோயிலே போரோபுதூர்.

இயற்கைக் குன்றொன்றை உள்ளடக்கி, எரிமலைக் கற்களால் அமைந்தது அக்கோயில். கீழே சதுர மேடைகளும், மேலே மூன்று வட்ட மேடைகளும் உள. ஆதியில் இருந்த புத்தர் திருவுருவங்கள் 504. அவற்றுள் 432 சதுர மேடைகளின் மாடங்களிலும், 72 துளையிட்ட கல்தூபிகளின் உள்ளும் வைக்கப்பெற்றன. கீழுள்ள நான்கு சுற்றுக்களிலும், கிழக்கு நோக்கியவர் நிலந்தொட்டிருப்பர். தெற்கு நோக்கியவர் வரமருள்வர். மேற்கு நோக்கியவர் யோகத்தமர்வர். வடக்கு நோக்கியவர் அஞ்சலென்பர். ஆதலின் ஓர் உருவம் இடம் மாறினும் அதன் பொருள் கெடும்.

காடும் மண்ணும் மூடிக்கிடந்த இக்கோயில் 1814-இல் இராபிள்சு என்னும் ஆங்கில ஆளுநரின் முயற்சியால் உலகறிய வெளிப்பட்டது. 1907 முதல் 1911 வரை வான் ஏர்ப் என்னும் ஒல்லாந்தர் பழுது நீக்கினார். எனினும் உட்பகை ஒழிந்திலது. குன்றின் மண் மழைநீரை உண்டது, அந்நீர் சுவர்களின் பின்னே ஊறிக் கற்களை அரித்தது, சுவர்கள் சாய்ந்தன. எனவே, இந்தோனேசிய அரசும் யுனெசுகோ நிறுவனமும் 1975 முதல் 1982 வரை பெரும்பணி ஆற்றின. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கற்களைப் பிரித்தெடுத்து, எண்ணிட்டுத் துப்புரவு செய்தனர். உள்ளே நீர்க்கால்கள் அமைத்தபின், அவ்வக் கல்லை அவ்வவ்விடத்தே மீள வைத்தனர்.

திருவுருவங்களுள் 43 காணப்படவில்லை. முந்நூற்றுக்கு மேற்பட்டவை சிதைந்தன. அவற்றுட் பெரும்பாலானவை தலையிழந்தவை. அவை இன்றும் தலையின்றியே வீற்றிருக்கின்றன. எனினும், நிலந்தொட்ட கை ஒன்றே, 'யான் கிழக்கு நோக்கியவன்' என்று காண்பார்க்கு உணர்த்துகின்றது.

பழங்கோயில்களைப் புதுக்கப் பொருளீயும் அன்பர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். மேலே வண்ணம் பூசுதல் எளிது. உள்ளே ஊறும் நீரைத் தடுத்தல் அரிது. பழங்கல்லைப் பெயர்த்தெறிந்து புதுக்கல் நடுதல் எளிது; பழங்கல்லை அதன் இடத்தே நிறுத்துதல் அரிது. அரியதனைச் செய்வதே திருப்பணி.