குகையைப் புனிதமாக்கியவர் யார்?

அரண்மனைச் சதிகாரர்கள் கத்தியோடு காத்திருக்க, ரோமப் பேரரசன் டொமிஷியனின் கடைசி நாள் விடிவதோடு சென்ற இதழ் முடிந்தது. கி.பி. 96 செப்டம்பரின் அந்தக் கொலைக்கு முன், அவன் காலத்தில் நாடு கடத்தப்பட்ட, பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவானின் தீவைப் பார்த்துவிட வேண்டும். பத்மு தீவின் பரப்பு சுமார் 34 சதுர கிலோமீட்டர்தான். ஸ்காலா துறைமுகத்திலிருந்து மேட்டில் இருக்கும் சோரா ஊருக்கு ஏறும் வழியில், நடுவில் இருக்கிறது வெளிப்பாட்டுக் குகை. உள்ளே பாறைக்கூரையில் மூன்று பிளவுகள். கடவுளின் குரல் பாறையைப் பிளந்த தடம் அது, திரித்துவத்தின் அடையாளம் என்கிறார்கள். சுவரின் அடியில் வெள்ளிப் பட்டை பதித்த ஒரு குழி, யோவான் தலைசாய்த்த இடம். அருகிலேயே அவர் கையூன்றி எழுந்ததாகச் சொல்லும் சிறு குழி. சீடர் புரோகோருஸ் ஏட்டை வைத்து எழுதியதாகச் சொல்லும் பாறைத் திட்டும் உண்டு. வரும் பக்தர்கள் 1-ஆம் நூற்றாண்டுக்குள் நுழைந்துவிட்டதாகவே உணர்கிறார்கள். ஆனால் இந்தக் குகையை நமக்குத் தந்தது 11-ஆம் நூற்றாண்டு. தந்தவர் கிறிஸ்டோடூலோஸ் என்ற துறவி.

முதல் சான்று வெளிப்படுத்தின விசேஷமே. பத்மு தீவில் இருந்தேன் என்று யோவான் எழுதுகிறார். குகையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அடுத்தது, ஆளரவமற்ற பாறைத் தீவு என்று நம் மனதில் பதிந்திருக்கும் சித்திரம். ரோமர்கள் ஆட்களைக் கொண்டுபோய்த் தள்ளிய தீவு என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பெயர் சொல்வது கியாரோஸை. பத்முவிலோ ஆர்ட்டெமிஸ் தேவிக்குக் கோயில் இருந்தது, பூசாரிணி இருந்தாள், இளைஞர்களுக்கு உடற்பயிற்சிக்கூடம் இருந்தது. கல்வெட்டுகள் இதைக் காட்டுகின்றன. யோவான் பார்த்தது மக்கள் நடமாடிய ஊர். தீவு வெறிச்சோடியது பின்னால், 7-ஆம் நூற்றாண்டு முதல் அரபுக் கடற்படைகளின் தாக்குதல்களில். நாம் கற்பனை செய்யும் தனிமை, கிறிஸ்டோடூலோஸ் வந்து இறங்கிய பத்முவின் தனிமை.

இந்த மனிதரைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கடக்க எனக்கு மனமில்லை. ஆசியா மைனரின் லாட்ரோஸ் மலை மடங்களுக்குத் தலைவராக இருந்தார். துருக்கியர் நெருங்கி வந்தபோது அங்கிருந்து வெளியேறி கோஸ் தீவில் மடம் அமைத்தார். அங்கும் நிற்கவில்லை. கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய்ப் பேரரசர் அலெக்சியோஸ் கொம்னேனோஸிடம் கோஸிலிருந்த நிலங்களைக் கொடுத்து, பதிலுக்குப் பத்முவைக் கேட்டார். 1088-இல் பொன்முத்திரை இட்ட சாசனம் கிடைத்தது: தீவு முழுவதும் மடத்துக்கு, வரி கிடையாது. செழிப்பான கோஸை விட்டு யாருமில்லாத பாறையைக் கேட்டு வாங்கிய மனிதரை நான் இந்தத் தொடரின் நாயகர்களில் ஒருவராகவே வைப்பேன். ஆர்ட்டெமிஸ் கோயில் இருந்த உச்சியில் கோட்டை போன்ற மடத்தை எழுப்பினார். துறவிகள் மட்டுமே வாழும் தீவு என்பது அவர் ஆசை. கட்ட வந்த கொத்தனார்களோ பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு இருக்க முடியாது என்றார்கள். கடைசியில் இவர்தான் இறங்கி வந்தார். தீவின் ஒரு பகுதியில் அந்தக் குடும்பங்களுக்கு இடம் கொடுத்தார். கடற்கொள்ளையரால் அவரும் தீவை விட்டு ஓட நேர்ந்தது. 1093-இல் யூபோயாவில் இறந்தார். சீடர்கள் உடலைப் பத்முவுக்கே கொண்டுவந்தார்கள்.

ஒரு மறுப்பு நியாயமானது. குகையின் நினைவு முன்பே இருந்திருக்கலாம், கிறிஸ்டோடூலோஸ் அதைக் கண்டெடுத்திருக்கலாம் அல்லவா? அவருக்கு முன்பே தீவில் ஒரு பழைய தேவாலயம் இருந்தது உண்மை. யோவானின் நினைவு அழிந்துவிடவில்லை என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் ஆளில்லாத தீவில் நினைவு தானாகத் தங்காது. விளக்கேற்றவும் வருவோருக்குக் கதை சொல்லவும் ஒருவர் வேண்டும். அந்த ஆட்களைக் கொண்டுவந்தது 1088. இன்னொரு சான்று வலுவானது: வெளிப்படுத்தின விசேஷத்தைக் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபை தன் வழிபாட்டில் வாசிப்பதே இல்லை. புரோகோருஸ் பெயரில் பிற்காலத்தில் எழுந்த கதையில், பத்முவில் யோவான் சொல்லச் சொல்ல எழுதப்படுவது நற்செய்தி. உருவப்படங்களில் காணும் காட்சியும் பெரும்பாலும் அதுவே. புத்தகம் மட்டும் குகையை உருவாக்கியிருந்தால், அதை வழிபாட்டில் வாசிக்காத சபை இத்தனை நூற்றாண்டு அந்தக் குகையைக் காத்து வந்திருக்குமா?

அப்படியானால் எல்லாம் கட்டுக்கதையா என்று கேட்பவர்களோடும் நான் உடன்படவில்லை. யோவான் பத்முவில் இருந்ததற்கு அவரே சாட்சி. எந்தப் பாறையடியில் உட்கார்ந்தார் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது மடத்தின் உழைப்பு. கையெழுத்துப் பிரதிகளைக் காத்ததும் அந்த மடம்தான். 895-இல் எழுதப்பட்ட பிளேட்டோ பிரதி அங்கேதான் இருந்தது. 1801-இல் எட்வர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேயர் அதை வாங்கிக் கொண்டுபோனார், இன்று ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. காசு கொடுத்திருந்தாலும் எனக்கு அது கொள்ளைதான். குகையை மட்டும் எவராலும் பெயர்த்துக்கொண்டு போக முடியவில்லை. 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது சோரா, மடம், குகை மூன்றையும் ஒன்றாகவே சேர்த்தது சரியான முடிவு. மடத்தை மறந்துவிட்டுக் குகையை மட்டும் கும்பிடுகிறவர் பாதி வரலாற்றைத்தான் கும்பிடுகிறார்.

டொமிஷியனின் கொலை அடுத்த இதழில்.