கற்பித்தலினாற் கற்றல்: நன்னூலும் சென்னை முறையும்

ஆரம்ப வகுப்புகளில் மாணவர் ஒருவருக்கொருவர் கற்பித்தலைப் பற்றி இன்று பேசுவோர், அதனை மேலைநாட்டுக் கல்வியியலின் அண்மைக்காலப் பேறாகவே பெரிதும் கருதுகின்றனர். எனினும் 13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் இக்கருத்தை ஒரு கணக்காகவே வகுத்துரைத்துள்ளது. ஆசிரியர் உரைப்பதைச் செவ்வனே உட்கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கே; உடன்கற்போருடன் பயில்வதால் மற்றொரு காற்பங்கு சேரும்; எஞ்சிய அரைப்பங்கோ கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதே கைவரும். இங்கு உரைப்பதன் பயன் உரைப்பவனையே சார்கின்றது என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

இதே தமிழ்நிலத்து வழக்கமொன்று பிற்காலத்தில் வேறொரு நோக்கிற் கையாளப்பட்டது. 1789இற் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்றவர் அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்ட அவர், அதனைத் தமது விடுதியிலும் புகுத்த விழைந்தார். உதவியாசிரியர் அதற்கு இணங்கவில்லை. எனவே ஜோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடமே நெடுங்கணக்கு வகுப்பை ஒப்படைத்தார். முயற்சி வெற்றி பெறவே, மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் ஒழுங்கு விடுதி முழுவதும் பரவிற்று. 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையால் அது 'சென்னை முறை' எனப் பெயர்பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் யோசப் லங்காஸ்டரும் அங்கு இத்தகைய முறையொன்றை நடத்தினார். 1811இல் நிறுவப்பட்ட இங்கிலாந்துத் திருச்சபையின் தேசிய சங்கம் பெல்லின் முறையையே மேற்கொண்டது.

அங்கு அம்முறை பரவியதற்குச் சிக்கனமே முதன்மையான காரணம் எனலாம். ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தல் இயலுவதாயிற்று. ஆனால் சட்டாம்பிள்ளை சொன்னதை ஏனையோர் திருப்பிச் சொல்லும் இயந்திரப் பாங்கே அதில் மேலோங்கிற்று. பவணந்தியார் கூறிய அரைப்பங்கைச் சட்டாம்பிள்ளைகள் ஒருவேளை பெற்றிருக்கலாம். வரிசையில் நின்ற ஏனையோர்க்கு அது கிட்டவில்லை.

நன்னூலார் மனத்திற் கொண்டது இலக்கணம் பயிலும் முதிர்ந்த மாணாக்கனையேயன்றி ஆறு வயதுக் குழந்தையை அன்று என்று தடை கூறலாம். அது நியாயமே. ஆயினும் ஈரிலக்க எண்ணிற் கடன்வாங்கிக் கழிக்கப் பழகிய மூன்றாந்தரப் பிள்ளையை, 'ஏன் பத்தை எடுத்தாய்?' என்று அருகிலிருக்கும் பிள்ளை கேட்கட்டும். விடை கூற முயலும்போதே செய்கைவழி அறிந்தது அதற்குப் பொருளாய்த் தெளிவாகும். தடுமாறினால், எவ்விடத்தில் விளக்கம் குறைகின்றது என்பது ஆசிரியருக்குப் புலப்படும்.

நமது நாட்டிலும் ஆசிரியர் ஒருவரே இரண்டு மூன்று தரங்களை ஒருங்கே கவனிக்கும் சிறிய பாடசாலைகள் உள. அங்கு மாணவர் துணை தவிர்க்கவியலாதது. ஆனால் நடைமுறையில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே ஆண்டு முழுவதும் ஆசிரியரின் இடத்தில் நிற்பதைக் காண்கிறோம். புலமைப்பரிசிற் பரீட்சையின் நெருக்கடியும் இதற்குத் துணைசெய்கின்றது. இது பெல்லின் சிக்கனமேயன்றி நன்னூலின் நெறியன்று. மெல்லக் கற்கும் பிள்ளைக்கும் எடுத்துரைக்கும் முறை வரவேண்டுமாயின், அதற்கென ஒரு சிறு பகுதியை முதல்நாளே ஒதுக்கி, ஆயத்தஞ்செய்யத் துணைநின்று, மறுநாள் இளைய தரத்தின்முன் பேசவிடுதல் வேண்டும். இதற்கு ஆசிரியரின் நேரம் மிகுதியாகவே செலவாகும். சிக்கனங்கருதி இம்முறையை நாடுவோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நன்று.