எஞ்சின் நின்றபின் இறங்குதல்

1919ஆம் ஆண்டிலே ஸ்பெயின் தேசத்துப் பொறியியலாளர் ஹுவான் டி லா சியெர்வா அமைத்த மூன்று எஞ்சின் விமானமொன்று, தரைக்கு அண்மையில் வேகங் குன்றி வீழ்ந்து நொறுங்கியது. வேகங் குறைந்தாலும் வீழாத வானூர்தியொன்றை ஆக்குதல் இயலாதா என்னும் வினா அவருள்ளத்தில் எழுந்தது. அதற்கு விடையாக, 1923ஆம் ஆண்டு சனவரியில் மட்ரிட் நகருக்கு அண்மையில் அவரது ஓட்டோஜைரோ பறந்தது. அதன் மேலிருந்த சுழல் இறக்கையைப் பறக்கும்போது சுழற்றியது எஞ்சினன்று, எதிர்ப்பட்ட காற்றே. எனவே எஞ்சின் நின்றாலும் அது மெல்லத் தரையிறங்க வல்லதாயிருந்தது.

1939ஆம் ஆண்டு செத்தெம்பரில் இகோர் சிக்கோர்ஸ்கி அமெரிக்காவிலே தமது ஹெலிகொப்டரைக் கயிற்றாற் பிணித்துத் தரையினின்றும் சற்றே எழுப்பினார். ஹெலிகொப்டரிலோ சுழல் இறக்கையைச் சுழற்றுவது எஞ்சினே. அது நின்றுவிட்டால், சியெர்வா கண்ட உண்மையே விமானிக்குத் துணை. அவர் உடனே இடப்பக்க நெம்புகோலைத் தாழ்த்தி இறக்கைத் தகடுகளின் சாய்வைக் குறைப்பின், கீழிருந்து வருங் காற்று அவற்றைத் தொடர்ந்து சுழற்றும். தரையை அணுகியதும் மூக்கை உயர்த்தி வேகத்தைத் தணித்து, ஈற்றிலே நெம்புகோலை உயர்த்தினால், சுழற்சியிற் சேர்ந்துள்ள ஆற்றல் வீழ்ச்சியைத் தாங்கும். அவ்வாற்றலோ ஒரு தடவைக்கே போதுமானது. முந்தி உயர்த்தினால் அந்தரத்திலேயே தீர்ந்துவிடும். பிந்தினால் ஊர்தி தரையில் மோதும்.

அக்கணத்தை ஏட்டிலே கற்க முடியாது. ஆகவே ஆசிரியர் வேண்டுமென்றே எஞ்சின் விசையைக் குறைத்து மாணவரை இறக்கப் பழக்குவர். 1956 முதல் 1973 வரை டெக்சஸ் மாநிலத்துப் போர்ட் வோல்ட்டர்ஸ் தளத்தில் அமெரிக்கத் தரைப்படை ஏறத்தாழ 40,000 விமானிகளைப் பயிற்றியது. அவர்களுட் பெருந்தொகையினர் வியட்நாம் போருக்குச் சென்றனர். எஞ்சின் விசையின்றி இறங்குதல் அவர்கள் கற்ற பாடங்களில் ஒன்று.

ஆயினும், காப்பதற்கென அமைந்த பாடமே கேடும் விளைத்தது. பழுதற்ற எஞ்சினைக் கொண்ட ஊர்திகள் பயிற்சியிலே தரையில் மோதிச் சிதைந்தன. சறுக்குக்கால் ஒன்று மண்ணிற் சிக்கிப் பக்கவாட்டிற் புரண்டவையும் உண்டு. இதனாற் பயிற்சிப் பள்ளிகள் பல, தரையைத் தொடுமுன்னரே எஞ்சின் விசையை மீட்டு, ஊர்தியை அந்தரத்தில் நிறுத்திப் பாடத்தை முடிக்கலாயின.

1979இல் அங்கீகாரம் பெற்ற ரொபின்சன் ஆர்-22 என்னுஞ் சிறு ஹெலிகொப்டரின் இலேசான இறக்கை, சுழற்சியை வெகு விரைவில் இழப்பது. அதன் விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம், மாணவர் ஆசிரியருடன் 20 மணித்தியாலம் பறந்த பின்னரே அதனைத் தனித்துச் செலுத்தலாமென 1995இல் விதித்தது.

தரையைத் தொடும்வரை பழக்கினாற் பயிற்சியிலேயே உயிருக்கு ஊறு நேரலாம். பழக்காது விட்டாலோ, எஞ்சின் மெய்யாகவே நிற்கும் நாளில், அந்த இறுதிக் கணத்தை விமானி முதன்முறையாகச் சந்திக்க நேரும். எந்த மாணவரை எதுவரை இறக்கலாம் எனத் தீர்மானிக்கும் பொறுப்பு, பக்கத்து ஆசனத்தில் அமர்ந்திருக்கும் ஆசிரியரையே சார்ந்தது.