திருமண அலுவலரின் எல்லை: சிறப்புத் திருமணச் சட்டத்தின் பிரிவு 50-உம் மாநில அரசும்

சிறப்புத் திருமணச் சட்டம், 1954 வகுத்த முப்பது நாள் அறிவிப்பு முறையைப் பற்றி எழுதுவோர் மாநில அரசைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அறிவிப்பை எப்படி வெளியிடுவது என்பதைப் பிரிவு 6 தானே சொல்லிவிட்டது. விதி சட்டத்தை மீற முடியாது. ஆகவே நாடாளுமன்றம் திருத்தட்டும் அல்லது நீதிமன்றம் தலையிடட்டும் என்பதே நிலைபெற்ற வாசிப்பு. அதன் முற்பாதி சரி. அதிலிருந்து பெறும் முடிவு சட்டத்தின் சொற்களோடு ஒட்டவில்லை.

விதி ஆக்கும் அதிகாரத்தைத் தருவது பிரிவு 50. அதன் பட்டியலில் ஐந்தாம் கூறு, பிரிவு 16-இன் கீழ் பொது அறிவிப்பு தரும் முறையைப் பற்றியது. ஏற்கெனவே வேறு வடிவில் நடந்துவிட்ட திருமணத்தைப் பதிவு செய்வதுதான் பிரிவு 16-இன் பொருள். இனி நடக்கவிருக்கும் திருமணத்துக்கான பிரிவு 6 அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் பொது அதிகாரத்தைக் குறுக்காது என்று சிலர் வாதிடுகிறார்கள். கொள்கையளவில் உண்மைதான், ஆனால் இங்கே பயன் இல்லை. விதியால் நிரப்புவதற்குப் பிரிவு 6 எதையும் மிச்சம் வைக்கவில்லை. நகல் அறிவிப்புப் புத்தகத்தில் ஏற வேண்டும், அதை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். இன்னொரு நகலை அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். இருவரில் ஒருவரின் நிரந்தர வசிப்பிடம் அலுவலரின் மாவட்டத்துக்கு வெளியே இருந்தால், அந்த வசிப்பிடம் இருக்கும் மாவட்டத்தின் திருமண அலுவலருக்கும் நகல் அனுப்பி அங்கும் ஒட்டச் செய்ய வேண்டும். தெரிந்தே அறிவிப்பை வெளியிடாமல் திருமணம் நடத்தி வைக்கும் அலுவலருக்குப் பிரிவு 46 ஓராண்டு வரை வெறுங்காவலோ 500 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வைத்திருக்கிறது. அறிவிப்பு மணமக்களின் விருப்பத்தைப் பொறுத்தது என அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சஃபியா சுல்தானா வழக்கில் தீர்ப்பளித்ததை நம்பி, திருமண அலுவலராக இருக்கும் தமிழ்நாட்டுச் சார்பதிவாளர் ஒருவர் அந்த ஆபத்தை ஏற்கமாட்டார்.

இதே வாசிப்பு அரசையும் கட்டுகிறது. சட்டம் சொன்ன முறையைக் குறைக்க முடியாது என்றால் கூட்டவும் முடியாது. பெற்றோர் வீட்டுக்கு அறிவிப்பு அனுப்புவதற்கு எதிராக 2009-இல் பிரணவ் குமார் மிஸ்ரா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதும், அறிவிப்புகளை இணையத்தில் ஏற்றுவதை 2020-இல் கேரள அரசு நிறுத்தியதும் இந்த வழியில் வருபவை.

கவனிக்காமல் விடப்பட்டது பிரிவு 50-இன் பட்டியலில் உள்ள முதல் கூறு. திருமண அலுவலர்கள் அதிகாரம் செலுத்தும் பகுதிகளை விதியால் வகுக்கலாம் என்கிறது அது. இதைப் பிரிவு 2, 3 ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இச்சட்டத்தில் மாவட்டம் என்பது வருவாய் மாவட்டம் அல்ல. ஓர் அலுவலர் எந்தப் பகுதிக்கு நியமிக்கப்பட்டாரோ அதுவே அவருடைய மாவட்டம். மாநிலம் முழுவதற்குமோ ஒரு பகுதிக்கோ ஒருவரையோ பலரையோ நியமிக்க அரசுக்குப் பிரிவு 3 இடம் தருகிறது. எல்லாச் சார்பதிவாளர்களையும் மாநிலம் முழுமைக்கும் திருமண அலுவலர்களாக அரசிதழில் அறிவித்தால், தமிழ்நாட்டில் நிரந்தரமாக வசிக்கும் எவருடைய அறிவிப்பும் இன்னோர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய கடமையே எழாது.

சென்னைப் புறநகரான கோவிலம்பாக்கத்தை எண்ணிப் பாருங்கள். பல்லாவரம்–துரைப்பாக்கம் இருநூறடிச் சாலையை ஒட்டி வாடகைக்குக் குடியிருப்போரில் பலருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலியாகவோ தருமபுரியாகவோ இருக்கும். அங்கே வசிக்கும் இந்துப் பெண்ணும் கிறித்தவ இளைஞரும் மணக்க விரும்பினால், இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-இல் செய்த சுயமரியாதைத் திருமணத் திருத்தம் அவர்களுக்கு உதவாது. அது இரு இந்துக்களுக்கே உரியது. அந்தத் திருத்தத்தின்கீழ் நடக்கும் திருமணத்துக்குப் பொதுவெளிப் பிரகடனம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் இளவரசன் வழக்கில் தெளிவாக்கியது. மதம் கடந்தவர்களுக்கோ, எந்த ஊரை விட்டு வந்தார்களோ அந்த ஊரின் சார்பதிவாளர் அலுவலகச் சுவரிலேயே பெயரும் முகவரியும் ஏறக்கூடும். உள்ளூர்க்காரர் ஒருவர் பத்திரப் பதிவுக்கு வந்து போனால் போதும்; செய்தி வீட்டுக்குப் போய்விடும். ஆபத்தின் பெரும்பகுதி இந்த இரண்டாவது ஒட்டலில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அரசின் கை எட்டுவதும் அதுவரைதான்.

சட்டம் பல மாவட்டங்களைக் கருதியே எழுதப்பட்டது, ஒரே மாவட்டம் ஆக்கினால் நகல் அனுப்பும் விதி செத்துப்போகும் என்று மறுக்கலாம். மறுப்பு வலுவானதுதான். ஆயினும் மாநிலம் முழுவதற்கும் நியமிக்கலாம் என்ற சொற்களை நாடாளுமன்றமே பிரிவு 3-இல் வைத்திருக்கிறது. நகல் அனுப்பும் கடமையும் வெளிமாநிலத்தவருக்கு உயிரோடுதான் இருக்கும். முன்மணத்தை மறைப்பவர்கள் தப்பிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை: அறிவிப்புப் புத்தகம் திறந்தே இருக்கிறது, இருமணத்தைத் தண்டிக்கப் பிரிவு 43-உம் இருக்கிறது.

நோக்கத்தைக் குலைக்கும் தந்திரம் என்ற குற்றச்சாட்டு எஞ்சுகிறது. பிரிவு 4-இன் நிபந்தனைகள் மீறப்படாமல் காப்பதே அறிவிப்பின் நோக்கம். பிரிவு 7 அனுமதிக்கும் ஆட்சேபனையும் அதற்கு மட்டுமே. சாதியும் மதமும் அந்த நிபந்தனைகளில் இல்லை. உறவினரின் கோபத்துக்கு வழி திறந்துவிடுவதைச் சட்டத்தின் நோக்கமாகக் காட்ட ஒரு சொல்லும் கிடைக்காது.

விதிகளை மாநிலச் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்கிறது பிரிவு 50. பிரிவு 3-இன் நியமன அறிவிக்கைக்கு அந்த நிபந்தனைகூட இல்லை. ஆனால் கோவிலம்பாக்கத்தில் வாழும் பாலக்காட்டுக்காரருக்கு இந்த அறிவிக்கையால் பயன் இல்லை. அவர் நகல் கேரளத்துக்குப் போகத்தான் செய்யும். அதை நிறுத்த நாடாளுமன்றம் பிரிவு 6-ஐத் திருத்த வேண்டும்.