இல்லாததைக் கொண்டு இனம் காண்பது: டிரைக்கோபிளாக்ஸின் நுண்ணுடலமைப்பும் உறவுமுறையும்

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரு கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஊர்ந்த சாம்பல் நிறப் படலம் ஒன்றை ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷுல்ட்சே 1883இல் விவரித்தார். ஓரம் ஓயாமல் உருமாறிக்கொண்டிருந்ததால் பார்வைக்கு அமீபா போலத் தெரிந்தது. நுண்ணோக்கியின் கீழே அது பல உயிரணுக்களால் ஆன விலங்கு. அதற்கு வாய் இல்லை, குடல் இல்லை, தசை இல்லை, நரம்பு இல்லை. முன்பின்னோ இடவலமோ கிடையாது. மேல், கீழ் என்ற வேறுபாடு மட்டும் உண்டு. ‘ஒட்டும் மயிர்த்தகடு’ என்று பொருள்படும்படி டிரைக்கோபிளாக்ஸ் அடெரென்ஸ் எனப் பெயரிட்டார்.

அன்று தொடங்கிய ‘இல்லை’களின் பட்டியல் இன்றும் பாடநூல்களில் தொடர்கிறது. அந்தப் பட்டியலை உறவுமுறைச் சான்றாகப் பயன்படுத்தியதே இவ்விலங்கின் இடம் மாறி மாறி ஊசலாடியதற்குக் காரணம் என்பது என் வாதம். கருவிக்கு அகப்படாத ஒன்றும், மரபணுவில் இருந்தும் உடலில் உருப்பெறாத ஒன்றும், உண்மையிலேயே இல்லாத ஒன்றும் ஒரே ‘இல்லை’யாக எண்ணப்பட்டுவந்தன.

முதல் சறுக்கல் 1907இல் நேர்ந்தது. எலூதேரியா என்ற சிறு ஹைட்ரா இன ஜெல்லிமீனின் உருமாறிய லார்வாதான் இது என்று தீலோ கரும்பாக் அறிவித்தார். உறுப்பே இல்லாத விலங்கு முழு வளர்ச்சி அடையாததாகத்தானே தோன்றும்! அந்த முடிவு பலருக்கும் வசதியாக இருந்திருக்க வேண்டும்; அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதைத் தேடுவோர் அருகிப்போயினர். 1970களின் தொடக்கத்தில் கார்ல் கிரெல் இதனுள் முட்டை உருவாவதையும் அது பிளவுறுவதையும் காட்டி, இது தனி விலங்கே என நிறுவினார். 1971இல் பிளக்கோசோவா என்ற புதிய தொகுதியையும் அமைத்தார். விலங்குகளின் மூதாதை இரண்டடுக்குத் தட்டை உயிராக இருந்திருக்கலாம் என ஓட்டோ பியூட்ச்லி 1884இல் கற்பனை செய்த ‘பிளாக்குலா’விலிருந்து எடுத்த பெயர் அது. பெயரிலேயே ஒரு பரிணாமக் கொள்கை ஏறி உட்கார்ந்துவிட்டதை நான் நல்ல தொடக்கமாகக் கருதவில்லை.

இனி உடலுக்கு வருவோம். விட்டம் பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர். தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அளவே. மேல் அடுக்கு மெல்லிய, பரந்த உயிரணுக்களால் ஆனது. கீழ் அடுக்கில் தூண் வடிவ உயிரணுக்கள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குறு இழை தரையை நோக்கி நீள்கிறது. இந்த இழைகளின் அசைவே விலங்கின் நடை. இரண்டு அடுக்குக்கும் இடையே பல கிளைகளை நீட்டி அண்டை உயிரணுக்களைத் தொட்டுக்கொண்டிருப்பவை நார் உயிரணுக்கள். கிரெல் காலத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வுகள் மொத்தம் நான்கு வகை உயிரணுக்களையே கணக்கிட்டன. ‘மிக எளிய விலங்கு’ என்ற பட்டத்துக்கு இந்த எண்ணே ஆதாரம்.

ஆனால் அந்த எண் விலங்கை மட்டும் சார்ந்ததல்ல; பதப்படுத்திய முறையையும் சார்ந்தது. வேதிப்பொருளில் ஊறவைத்து நிலைநிறுத்தும் பழைய முறையில் மென்மையான உயிரணுக்களின் உள்ளடக்கம் சிதைந்துபோகும். உயிருள்ள விலங்கை உயர் அழுத்தத்தில் நொடிக்குள் உறையவைத்து ஆராய்ந்த கரோலின் ஸ்மித் குழுவினர் 2014இல் ஆறு வகைகளைக் காட்டினர். புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று, கொழுப்பு நிறைந்த பெரிய துகள்களைச் சுமக்கும் லிப்போஃபில் உயிரணு. மற்றொன்று விளிம்பருகே சிதறிக் கிடக்கும் படிக உயிரணு. உள்ளே ஒரு அரகோனைட் படிகம் இருக்கிறது. படிக உயிரணு இல்லாத விலங்குகள் ஈர்ப்புத் திசையை உணர்ந்து நகர்வதில்லை என்பது 2018இல் தெரியவந்தது. அதாவது ‘புலனுறுப்பு இல்லை’ என்ற வரியைத் திருத்தியாக வேண்டும்.

இது இரை உண்பதைப் பார்த்தால் எளிமை பற்றிய எண்ணமே மாறிவிடும். நுண்பாசிகளின் மேல் ஊர்ந்து வந்ததும் கீழ்ப்புறக் குறு இழைகள் அசைவை நிறுத்துகின்றன, நடை நிற்கிறது. அடுத்த கணம் பாசியை ஒட்டிய லிப்போஃபில் உயிரணுக்கள் மட்டும் தம் துகளை வெளியேற்ற, பாசி நொடிகளில் வெடித்துக் கரைகிறது. பக்கத்தில் பாசி இல்லாத லிப்போஃபில்கள் துகளை வீணாக்குவதில்லை. உடலுக்கும் தரைக்கும் இடைப்பட்ட வெளியே அப்போது வயிறாகிவிடுகிறது. கரைசலை உறிஞ்சி முடித்ததும் மீண்டும் நடை. நரம்பும், நரம்பணுக்களின் சந்திப்பான சினாப்ஸும் இன்றி உடல் முழுவதும் ஒருசேர நிற்பது எப்படி? சுரப்புயிரணுக்கள் வெளிவிடும் சிறு பெப்டைடு ஒன்றைத் தனியே நீரில் கலந்தாலே இழைகள் நின்றுவிடுகின்றன என்பதை ஸ்மித்தும் உடன் உழைத்தவர்களும் 2017இல் காட்டினர்.

மரபணுத்தொகை வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. 2008இல் வெளியான அதன் அளவு ஏறத்தாழ 9.8 கோடி காரஇணைகள். மரபணுக்கள் சுமார் 11,500. எபிதீலியம் எனப்படும் உயிரணு அடுக்கின் அடியில் அடித்தளச் சவ்வு எந்த நுண்ணோக்கியிலும் தென்படவில்லை; ஆனால் அச்சவ்வைக் கட்டும் லாமினின், நான்காம் வகைக் கொலாஜன் ஆகியவற்றுக்கான மரபணுக்கள் இருக்கின்றன. சினாப்ஸில் பங்கேற்கும் புரதங்கள் பலவற்றுக்கும் அப்படியே. இதை இழப்பின் தடயம் என்பதா, கட்டமைப்பு தோன்றும் முன்பே வேறு வேலை செய்துகொண்டிருந்த கருவிகள் என்பதா? மரபணுப் பட்டியல் மட்டுமே இதற்கு விடை சொல்லாது. அந்த மரபணு எந்த உயிரணுவில், எப்போது இயங்குகிறது என்பதையே கேட்க வேண்டும். 2023இல் தனித்தனி உயிரணுக்களின் மரபணு இயக்கத்தை அளந்த ஆய்வு, பெப்டைடு சுரக்கும் உயிரணுக்களில் மட்டும் 14 வகைகளைப் பிரித்தது. நரம்பணுக்களின் இயக்கத் திட்டத்தில் ஒரு பகுதி அவற்றில் ஏற்கெனவே செயல்படுகிறது. நான்கு ஆறாகி, ஆறுக்குள் பதினான்கு ஒளிந்திருந்தது!

இதனால் நரம்புக்கு முன்னோடி சுரப்புயிரணுவே என்று முடித்துவிடலாமா? எனக்கு அது ஏற்புடையதாகத் தோன்றினாலும் ஒரு தடை இருக்கிறது. அதே 2023இல் நிறமூர்த்தங்களில் மரபணுக்கள் தொகுதியாக அமைந்திருக்கும் விதத்தை ஒப்பிட்ட ஆய்வு, மற்ற எல்லா விலங்குகளிலிருந்தும் முதலில் பிரிந்தவை சீப்பு ஜெல்லிகளே என்றது. அவற்றுக்கு நரம்பு உண்டு. அப்படியானால் கடற்பஞ்சும் பிளக்கோசோவாவும் நரம்பை இழந்திருக்க வேண்டும், அல்லது நரம்பு இருமுறை தோன்றியிருக்க வேண்டும். சீப்பு ஜெல்லியின் இளம் பருவ நரம்புவலை, சினாப்ஸ் இல்லாமல் ஒன்றோடொன்று கலந்த தொடர் இழைகளாக இருப்பது அவ்வாண்டே வெளிவந்தது. இரண்டாவது கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது என்பேன். பிளக்கோசோவாவை ஜெல்லிமீன், பவளம் அடங்கிய நிடேரியாவின் அருகே வைப்பதா, நிடேரியாவும் இருபக்கச் சமச்சீர் விலங்குகளும் சேர்ந்த குழுவுக்கு வெளியே வைப்பதா என்பதிலும் உறவுமுறை மரங்கள் ஒத்துப்போவதில்லை. இதுதான் ‘மூதாதை’ என்று காட்டுவதற்கு எந்த மரமும் இடம் தரவில்லை. டிரைக்கோபிளாக்ஸ் கடந்துவந்த காலமும் நாம் கடந்துவந்த காலமும் ஒன்றே.

உருவம் எவ்வளவு குறைவாகவே பேசும் என்பதற்கு ஹாங்காங்கின் சதுப்புநில உவர்நீரில் கிடைத்த விலங்கு சாட்சி. பார்த்தால் டிரைக்கோபிளாக்ஸிலிருந்து பிரித்தறிய முடியாது. மரபணுத்தொகையோ மிகவும் விலகியிருந்ததால் 2018இல் ஹொய்லுங்கியா என்ற தனிப் பேரினமாக அறிவிக்கப்பட்டது. மறுபுறம், 2019இல் விவரிக்கப்பட்ட மத்தியதரைக்கடல் பாலிபிளக்கோடோமா கிளைகிளையாகப் பிரிந்து சென்டிமீட்டர் அளவுக்கு விரிகிறது. தட்டு வடிவம் என்ற அடையாளம்கூட இத்தொகுதிக்குப் பொதுவானதல்ல.

இன்னொரு இடைவெளியும் உடலமைப்பு வாதங்களைத் தடுத்து நிறுத்துகிறது. ஆய்வகத்தில் முட்டைகள் உருவாகின்றன, பிளவுறுகின்றன. ஏறத்தாழ 128 உயிரணு நிலை வரை கருவைப் பார்த்திருக்கிறார்கள், அதன்பின் அது அழிந்துபோகிறது. லார்வா என்று தள்ளிவைக்கப்பட்ட இந்த விலங்கின் லார்வாவை, அப்படியொன்று இருந்தால், இதுவரை யாரும் கண்டதில்லை.