பழைய எழுத்தும் பிழை எழுத்தும்

மாணவர்களே, நான் வாழும் ஊரின் பெயரை எழுதுவோர் மூன்று விதமாக எழுதுகின்றனர். லாஸ்பேட்டை என்பது ஒன்று. லாசுப்பேட்டை என்பது மற்றொன்று. இலாசுப்பேட்டை என்பது இன்னுமொன்று. இவற்றுள் எது சரி என்று பிள்ளைகள் என்னைக் கேட்பதுண்டு. மூன்றும் சரியே என்பேன். முதலாவது ஒலியை உள்ளவாறே காட்டுகிறது. இரண்டாவது வடவெழுத்தை விலக்குகிறது. மூன்றாவது, லகரம் சொல்லுக்கு முதலில் வாராது என்னும் இலக்கண மரபைப் போற்றி, லங்கையை இலங்கை ஆக்கியது போல் இகரத்தை முன்னே நிறுத்துகிறது. 1765ஆம் ஆண்டில் ஆங்கிலேயரிடமிருந்து புதுச்சேரியைத் திரும்பப் பெற்று ஆளுநராய் அமர்ந்த ழான் லா என்னும் துரையின் பெயரால் இவ்வூர் வழங்குகிறது என்பர். அவர் பிரெஞ்சுக்காரர், அவர் தந்தையின் குடியோ ஸ்காத்லாந்து நாட்டது. அவர் பெயரோடு ஆங்கில வேற்றுமை உருபைப் போன்ற ஓர் ஸகரமும், நம் தமிழ்ப் பேட்டையும் சேர்ந்து ஓர் ஊராயின!

எங்கள் ஊரை உள்ளடக்கிய நகராட்சியின் பெயர் இதனினும் சுவையானது. ஏட்டில் அது உழவர்கரை. மக்கள் வாயில் ஒழுகரை. பின்னே அகரம் வரும்போது முன்னுள்ள உகரம் பேச்சில் ஒகரமாய்த் திரிதல் தமிழ்நாட்டில் எங்கும் உள்ளது. உனக்கு ஒனக்காவதும், உலக்கை ஒலக்கையாவதும் இவ்வாறே. பிரெஞ்சுக்காரருக்கோ நம் ழகரம் நாவில் ஏறவில்லை. அவர்கள் அதை லகரமாகக் கேட்டு, உல்கரே என்று தம் ஏடுகளில் எழுதினர். வில்லியனூரும் அவர்கள் கையில் வில்லெனூர் ஆயிற்று. இவற்றைப் பிழை என்று தள்ளுவது எளிது. ஆனால் அயலார் செவியில் நம் மொழி எவ்வாறு ஒலித்தது என்பதற்கு இவற்றினும் நேரிய சான்று நமக்கு ஏது?

நம்மவர் எழுத்துக்கும் இது பொருந்தும். துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாய் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை நீங்கள் அறிவீர்கள். அதன் நடை புலவர் நடையன்று. அக்காலப் புதுச்சேரியின் பேச்சு நடை. முசியே என்னும் பிரெஞ்சு மரியாதைச் சொல் அதில் முசே என்றிருக்கும். வாணிகக் கம்பெனி கும்பினி என்றிருக்கும். கடைத்தெருவிலும் கோட்டை வாயிலிலும் மக்கள் அப்படித்தான் பேசினர். அவர் காதால் கேட்டதைக் கையால் எழுதினார். இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாய் வெளிவந்தது. வரலாற்றாசிரியர்க்கு அது பெருந்துணை. ஆயினும் அதில் முசே என்னும் அந்த ஒலி இல்லை. அதனைக் கேட்க வேண்டுமாயின் தமிழ் மூலத்திடமே செல்லவேண்டும். அம்மூலத்தைத் திருத்தி, நல்ல தமிழாக்கி அச்சிட்டால் என்ன என்று ஓர் இளைஞர் என்னைக் கேட்டார். சிவப்பு மையைக் கொண்டு கல்வெட்டைத் திருத்தப் புகுவாரும் உளரோ என்று கேட்டேன்.

ஆங்கிலேயரும் இத்தொல்லைக்குத் தப்பியவரல்லர். கலர் என்னும் சொல்லில் இங்கிலாந்தார் இடும் யு என்னும் எழுத்தை அமெரிக்கர் இடுவதில்லை. நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதி இவ்வழக்கை அங்கே நிலைக்கச் செய்தது. நம்மிடையேயும் தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்குமுன் அச்சான நூல்களில் லை, னை முதலியவை யானைத் துதிக்கை போன்ற வளைவோடு நிற்கும். அவற்றைக் கண்டு இக்காலப் பிள்ளைகள் திகைக்கின்றனர். அரை நாழிகைப் பயிற்சியில் அத்திகைப்பு நீங்கிவிடும்.

ஆனால் மனிதர் பெயரில் எழுத்து வேறுபடின், அது திகைப்போடு நிற்பதில்லை. முத்து என்னும் பெயரை ஆங்கில முறையில் எழுதுவோர் உகரத்துக்கு யு ஒன்றையே இடுவர். பிரெஞ்சு முறையிலோ ஓ, யு என இரண்டெழுத்து வேண்டும். ராமசாமி என்பதில் எஸ் என்னும் எழுத்தை இரட்டிப்பர். இரட்டிக்காவிடின் இரண்டு உயிர்களுக்கிடையே அது ஸகர ஒலி இழந்து, இஸட் எழுத்தின் ஒலியைப் பெற்றுவிடும். ஆகவே பிரெஞ்சுப் பதிவேட்டில் உள்ள பாட்டனாரும், ஆங்கிலச் சான்றிதழில் உள்ள பேரனும் தாளளவில் உறவற்றவர் ஆகிவிடுகின்றனர். 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி முழுமை பெற்றது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பினோர் அதனைத் தேர்ந்துகொள்ள ஆறு மாதத் தவணை அளிக்கப்பட்டது. குடியுரிமை, ஓய்வூதியம், பாகப்பிரிவினை ஆகிய எதற்கும் பழைய பதிவேட்டின் எழுத்தே சான்று. என் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், தந்தையார் பெயரில் ஓரெழுத்து மிகுந்திருந்தமையால், ஓர் அலுவலகத்திற்குப் பல மாதங்கள் நடந்தார். பிரெஞ்சில் அவ்வெழுத்து ஏன் இரட்டிக்கிறது என்பதை நான் ஒரு தாளில் விளக்கி எழுதிக் கொடுத்தேன். இலக்கணம் கற்பித்த காலத்தில் நான் எழுதிய எந்தக் குறிப்பும் அத்தனை விரைவாகப் பயன் தந்ததில்லை.

கடல் கடந்தோர் நிலை இதனினும் அரியது. 1853இல் மார்த்தினிக் தீவிலும், 1854இல் குவாதலூப் தீவிலும் நம் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பல் சேர்ந்தது. தொடர்ந்து பல்லாயிரவர் சென்றனர். அவர்தம் வழித்தோன்றல்களில் மிகப் பெரும்பாலோர் இன்று தமிழ் அறியார். வீரப்பிள்ளை, சின்னசாமி போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில், தேய்ந்தும் திரிந்தும், குடும்பப் பெயர்களாய் அவர்களிடம் தங்கியுள்ளன. அவர்களுள் ஒருவர் தம் முன்னோர் ஊரைத் தேடிப் புறப்படும்போது, அந்தத் திரிந்த எழுத்தைத்தான் கையில் ஏந்தி வருகிறார்.

பாண்டிச்சேரி என்னும் பெயர் 2006 அக்டோபர் முதல் சட்டப்படி புதுச்சேரி ஆயிற்று. 1985இல் இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமோ இன்றும் ஆங்கிலத்தில் பாண்டிச்சேரி என்றே தன் பெயரை எழுதுகிறது.